ஷூவில் ஒட்டாத மண்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அதுவும் என் வாக்கியமில்லை. எங்கள் மாவட்டத்து மண்ணைப் பற்றிய கையேடு ஒன்றில் படித்தது: 'நீர் நன்றாக வடியும். மேலே இரண்டு மூன்றடிக்குப் பொலபொலப்பான மண். அதன் கீழே, பனியாறு உருகி ஓடியபோது விட்டுச்சென்ற மணலும் சரளையும். மேல்மண்ணில் நீர் நிதானமாக இறங்கும், கீழே வேகமாக.'

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு ஒரு குடும்பம் நினைவுக்கு வந்தது. நல்ல மனிதனுக்கு இப்படி ஒரு வரியைப் படித்தால் உருளைக்கிழங்கு நினைவுக்கு வரவேண்டும்.

விஸ்கான்சினின் நடுவில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு இடையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் நான் தண்ணீர் வடிகட்டிக் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலங்களில் தமிழில் கதை எழுதுகிறேன். முதல் தொழிலுக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. தங்கராசு என்ற என் பெயரை ஊர் முதல் வாரத்திலேயே 'டாங்க்' என்று சுருக்கிவிட்டது. தண்ணீர் விற்பவனுக்குப் பொருத்தமான பெயர் என்று நினைத்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை, போர்டுக்கு எழுத்துக் குறைவு.

2

தொடக்கம் ஒன்று: 'பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு மைல் உயரப் பனிக்கட்டி இந்த நிலத்தின் மேல்—'

நிறுத்திவிட்டேன். ஒரு பால்புட்டியைப் பற்றிய கதைக்கு ஒரு மைல் உயரம் அதிகம்.

தொடக்கம் இரண்டு: 'நான்தான் மண் பேசுகிறேன்—'

மண் பேசும் கதைகளைப் படித்தால் எனக்குப் பல் கூசும். தவிர, எங்கள் ஊர் மண் பேசுகிற ரகமில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

தொடக்கம் மூன்று: மண்ணின் பெயரிலேயே முட்டிக்கொண்டது. களி கொஞ்சம், வண்டல் நிறைய, மணல் கொஞ்சம் சேர்ந்த இந்த மண்ணுக்கு அகராதியில் சில தமிழ்ச்சொற்கள் இருக்கின்றன. ஒன்றுகூட வயலில் இறங்கியதாகத் தெரியவில்லை. கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாகும். விரலால் சுண்டினால் உதிரும். பொலபொல மண் என்றே எழுதிவிட்டுப் போகிறேன். பண்டிதர்கள் மன்னிக்கத் தேவையில்லை, அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை.

தொடக்கம் நான்கு: 'எர்வின் ஓமெர்னிக் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொண்டு போன ஷூவோடு வயலில் இறங்கினார்.'

இது நிற்கும்.

3

எர்வின் ஓமெர்னிக் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொண்டு போன ஷூவோடு வயலில் இறங்கினார். முந்தின ராத்திரி பேய்மழை. எங்கள் பக்கத்துப் போலந்துக்காரக் குடும்பங்களில் இது ஒரு வழக்கம். பெரிய மழை பெய்த மறுநாள், சர்ச்சில் பூசை முடிந்ததும் மெருகேற்றிய ஷூவோடே வயலைக் குறுக்காக நடந்து, வரப்பில் நின்று, காலைத் தூக்கி ஷூவின் அடிப்பக்கத்தைக் காட்ட வேண்டும். அதில் சேறு இருக்காது. யாருக்குக் காட்டுவது? களிமண் நிலம் வைத்திருக்கும் உறவுக்காரருக்கு. அப்படி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் வாய்த்திருப்பார். எர்வினுக்கு வாய்த்தவர் லெராய், எர்வினின் மனைவி டெலோரிஸின் தம்பி.

"பாரு லெராய், நல்லாப் பாரு. உன் வயல்ல இந்நேரம் வாத்து நீஞ்சும்."

"நீஞ்சட்டும்யா. என் மண்ணு குடுத்ததைப் புடிச்சு வெச்சுக்கும். உன்னுது ஓட்டை வாளி. மேல ஊத்துனா கீழ போயிடும்."

"கீழ எங்க போவுது? என் கெணத்துக்குத்தானே போவுது. ஊரான் வீட்டுக்கா போவுது?"

சொல்லிவிட்டு எர்வினே சிரிப்பார். கதையின் முழு விஷயத்தையும் அவரே ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுத்தாளனுக்கு வேலை மிச்சம் வைக்காத பாத்திரங்களை நான் நம்புவதில்லை. ஆனால் இவரை மாற்ற மனம் வரவில்லை.

[வில்லனாக்கிப் பார்த்தேன். தடித்த கழுத்து, சின்னக் கண்கள், பேராசை என்று ஒரு பத்தி எழுதினேன். மறுநாள் அவர் கடைக்கு வந்து, தன் தோட்டத்துத் தக்காளி ஒரு பை வைத்துவிட்டுப் போனார். பத்தியை அடித்துவிட்டேன். தக்காளி நன்றாக இருந்தது.]

4

எர்வின் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் ஒரு தம்ளர் தண்ணீர். காபி, பிராந்தி எல்லாம் பிறகு. அடுக்களைக் குழாயிலிருந்து அவரே பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டித்தான் தருவார்.

"எண்பதடி மணலு வடிகட்டினது. கடையில காசு குடுத்தாக் கெடைக்குமா இது?"

குடிக்காமல் வைத்தால், அவருடைய அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்ட மாதிரி.

இந்த மணல்காட்டு மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு உண்டு. கலங்கிய நீரை மணல் தெளியவைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறார்கள். அதனால் மணல் எல்லாவற்றையும் வடிகட்டும் என்று நம்புகிறார்கள். அழுக்கை அது பிடிக்கும். கரைந்ததைப் பிடிக்காது. காபியில் போட்ட சர்க்கரையைத் துணியால் வடிகட்டி எடுக்க முடியுமா?

உருளைக்கிழங்குக்கு உரம் நிறைய வேண்டும். இந்த மண்ணில் உரம் நிற்காது, அதனால் மேலும் போடுகிறார்கள். செடி தின்றது போக மிச்சம் நைட்ரேட்டாகக் கரைந்து, பொலபொல மண்ணைத் தாண்டி, மணலுக்குள் விழுந்து, கிணற்றுக்குப் போய்ச் சேருகிறது.* நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் மாறாது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பளிங்கு.

*பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் பால்புட்டியில் கலந்தால், ரத்தம் மூச்சைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். இதை அடிக்குறிப்பில் போடுவது சரியில்லைதான். மேலே எழுதக் கை வரவில்லை.

5

நவம்பரில் மான்வேட்டை தொடங்கும் சனிக்கிழமை, எங்கள் மாவட்டத்தில் ஆண்கள் எவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். கணவனுக்குத் தெரியாமல் செய்யவேண்டிய ரிப்பேர்களை மனைவிமார்கள் அன்றைக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். என் கடைக்கு அது தீபாவளி.

அந்தச் சனிக்கிழமை டெலோரிஸ் கூப்பிட்டாள். அடுக்களைத் தொட்டியின் கீழ்அலமாரியைத் திறந்து, சோப்பு, பிரஷ் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள்.

"இதுக்குள்ள அடங்குமா டாங்க்?"

"அடங்கும். ஆனா வடிகட்டுன தண்ணிக்குத் தனியா ஒரு சின்னக் குழாய் வெப்போம், அதான் வழக்கம்."

"தனிக் குழாய் வெச்சா அவரு கேப்பாரு. இதே குழாய்லயே வரணும். மெஷினு இருக்கறதே தெரியக் கூடாது."

போன மாதம் ஊறுகாய்ப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, யாரோ தெரிந்தவர் வீட்டுத் தண்ணீர் என்று சோதிக்கச் சொன்னது ஏனென்று அப்போதுதான் புரிந்தது. நைட்ரேட் அளவு பத்தைத் தாண்டக்கூடாது. அது இருபத்தெட்டு காட்டியிருந்தது.

"மருமக முழுகாம இருக்கா. கொழந்தை இங்கதானே வரும். இந்தத் தண்ணியத்தானே குடிக்கும்."

"எர்வின்கிட்டச் சொல்லிட்டா என்னங்க? என்ன, ரெண்டு நாள் கத்துவாரு."

"கத்துனா பரவால்ல. நம்பிட்டாருன்னா?" ஒரு சோப்பு டப்பாவை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். "வர்றவங்களுக்கெல்லாம் கையால எடுத்துக் குடுத்திருக்காரு. எங்க பையன் டேரிலுக்குப் புட்டியில கலந்ததும் இதைத்தான். அவனுக்கு முன்னாடி பொறந்தது—"

[இந்த வாக்கியத்தை நான் பாதியில் விடவில்லை. அவள்தான் விட்டாள். சர்ச் கல்லறையில், ஓமெர்னிக் என்று எழுதிய ஒரு சிறிய கல் இருக்கிறது. இரண்டு மாதக் குழந்தை. அது எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, எழுத்தாளன் என்ற சலுகையிலும் தெரியாது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.]

மெஷினை மாட்டினேன். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். கடைக்காரனுக்கு அது சாதாரண வாக்கு, இந்த ஊரில் பாதி வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் எர்வின் கேட்டாராம்: "என்ன இது, தண்ணி மெதுவா வருது?"

"குழாய்க்கு வயசாயிடுச்சு. உங்களுக்கு மட்டுந்தான் ஆவுமா?"

அடுத்த முறை நான் போனபோது தம்ளரைத் தூக்கிக் காட்டி, "இந்த வருசம் தண்ணி இன்னும் நல்லாருக்கு, கவனிச்சியா டாங்க்? மண்ணு அப்படி," என்றார். நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. என் மெஷின்.

6

மெலனியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எர்வினின் மருமகள், டேரிலின் மனைவி, நோராவின் அம்மா. அவளைத் துணிச்சல்காரி என்று எழுதினால் கதை அவள் பக்கம் சாய்ந்துவிடும். பயந்தவள் என்றால் பொய். அவளும் டேரிலும் அதே பண்ணையின் மறுகோடியில் வீடு கட்டி, தனிக் கிணறு போட்டிருக்கிறார்கள். குழந்தை பிறந்த வாரமே அவளும் என்னிடம் தண்ணீர் கொண்டுவந்தாள், அவளும் ரகசியமாக. அதிலும் அதே கதி.

"மெஷின் அடுத்த வருசம் பாத்துக்கலாங்கறான் டேரில். அதுவரைக்கும் டவுன்லருந்து கேன்ல தூக்கிட்டு வர்றான். அப்பாகிட்டச் சொல்ல மாட்டானாம். எர்வின் வீட்டுத் தண்ணியும் இதே மாதிரிதானே இருக்கும்?"

கிணற்றைக் கேட்டிருந்தால் ஆமாம். குழாயைக் கேட்டிருந்தால் இல்லை. ஒரே குடும்பத்தின் இரண்டு ரகசியங்களை இரண்டு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுத் தண்ணியக் கொழந்தைக்குக் குடுத்துடாதீங்க. என்ன ஆனாலும் குடுத்துடாதீங்க," என்று மட்டும் சொன்னேன்.

7

நோராவின் ஞானஸ்நான விருந்து. எர்வின் வீடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின ராத்திரி மழை. பூசைக்குப் பின் ஷூ ஊர்வலம் முடிந்திருந்தது. மேசையில் பன்றித்தொடை, முட்டைக்கோஸ் வதக்கல், உருளைக்கிழங்குச் சாலட், கசகசா கேக். டெலோரிஸ் பேத்திக்கென்று வாங்கிவைத்த புதுப் புட்டியில் பால்பவுடரை அளந்து போட்டுவிட்டுக் குழாயருகே நின்றாள். எர்வின் மடியில் நோரா.

மெலனி எழுந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"கார்ல தண்ணி இருக்கு எர்வின். எடுத்துட்டு வந்துர்றேன்."

(இங்கே மருமகள்கள் மாமனாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மரியாதைக் குறைவில்லை. பதற வேண்டாம். நான் பதறி முடித்து வருஷங்களாகின்றன.)

"கார்லயா? ஏன், இந்த வீட்டுக் குழாய் செத்துப் போச்சா?"

லெராய் கேக்கை மென்றபடி, "நான் அப்பவே சொன்னேன்ல, ஓட்டை வாளின்னு," என்றார்.

"எங்க வீட்டுத் தண்ணிய டாங்க் சோதிச்சுப் பாத்தாரு. வயலு உரமெல்லாம் அதுலதான் இருக்குதாம். கொழந்தைக்கு ஆவாதாம். ஒரே வயலு, இங்க மட்டும் எப்படி நல்லாருக்கும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் நிறையச் சாலட்.

"டாங்க் சொல்லாம?" எர்வினின் குரல் உயரவில்லை. "கறிக்கடைக்காரன்கிட்டப் போயி இன்னிக்குக் கறி திங்கலாமான்னு கேட்டா, கீரை தின்னும்பானா? டேரில், நீ இந்தத் தண்ணி குடிச்சுத்தான்டா வளந்த. சொல்லு அவகிட்ட."

டேரில் தட்டைப் பார்த்தான். "எனக்கென்ன தெரியும். நான் கேன் தூக்கறவன்."

"டாங்க், நீ தண்ணி சோதிக்கற குச்சி வண்டியில இருக்கா? கொண்டா. இந்தக் குழாய்லயே பாரு. எல்லாரும் பாக்கட்டும்."

"வேண்டாம் எர்வின். விசேஷத்தன்னிக்கு எதுக்கு—"

"பாத்தீங்களா, பயப்படுறான்!"

டெலோரிஸ் என்னைப் பார்க்கவில்லை.

டப்பாவில் இரண்டே குச்சிகள் மிச்சம். எர்வின் பிடித்துக் கொடுத்த தம்ளரில் ஒன்றை நனைத்தேன். நைட்ரேட் இருந்தால் நுனி ரோஸ் நிறமாகும். கூடுதலாக இருந்தால் பீட்ரூட் நிறம். ஒரு நிமிஷம் எல்லாரும் அந்த நுனியையே பார்த்தார்கள்.

வெள்ளை. துவைத்த வேட்டி மாதிரி வெள்ளை.

எர்வின் கொக்கரிப்பார் என்று நினைத்தேன். கொக்கரித்திருந்தால் எனக்குக் கதை எழுதச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குனிந்து குழந்தையின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டார். "பாத்தியா கண்ணு, தாத்தா மண்ணு," என்றார். குரல் கரகரத்தது. இத்தனை நாளும் அவருக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

டேரில் முதல்முறையாக நிமிர்ந்தான். "மெல், நம்ம வீட்டுல பாத்தது தப்பாத்தான் இருக்கும். ஒரே வயலுன்னு நீதானே சொன்ன. ஒரே மண்ணு, ஒரே தண்ணி. நாளையிலருந்து நம்ம குழாய்லயே புடிச்சுக்கலாம், என்ன?"

மெலனி என் பக்கம் திரும்பினாள். "டாங்க்?"

"உங்க வீட்டுத் தண்ணியக் குடுக்காதீங்க மெலனி," என்றேன்.

"கண்ணால பாத்த பிறவும் சொல்றான் பாரு!" என்றார் எர்வின். "விக்கணும்ல!"

சந்தேகம் லெராய்க்குத்தான் வந்தது. சந்தேகம்கூட இல்லை, தோற்க மனமில்லை. "அடுக்களைக் குழாய்ல என்னய்யா இருக்கு? கொட்டகைக் குழாய்ல புடிச்சுக் காட்டு. நேரா கெணத்துலருந்து வர்றது. அதுவும் வெள்ளையா இருந்தா என் வயலு எழுதித் தரேன்."

"டேரில், புள்ளயப் புடி," என்றார் எர்வின். தம்ளரில் இருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு, காலித் தம்ளரோடு முற்றத்தில் இறங்கினார்.

8

இங்கே வந்து நிற்கிறேன். பல நாட்களாக நிற்கிறேன்.

முடிவு ஒன்று: இரண்டாவது குச்சி பீட்ரூட் நிறமாகிறது. அதனால் என்ன? மேசையில் ஒரு வெள்ளைக் குச்சி, ஒரு சிவப்புக் குச்சி. எர்வின் சிவப்பைக் காட்டி, "இது கெட்டுப்போன குச்சி," என்பார். கேன் தூக்கிச் சலித்த டேரிலும் அதையே சொல்வான். மனிதன் தனக்கு வேண்டிய குச்சியைத்தான் எடுத்துக்கொள்வான். இதை எழுத எனக்குக் கற்பனையே தேவைப்படவில்லை.

முடிவு இரண்டு: நானே சொல்கிறேன். ஆனால் 'உங்கள் வீட்டிலேயே என் மெஷின் ஒன்று இருக்கிறது' என்று விற்கிறவன் சொன்னால், 'எங்கே, காட்டு' என்பார்கள். அலமாரியின் முன்னால் டெலோரிஸ் நிற்கிறாள். அவளைத் தள்ளிவிட்டுத் திறப்பதாக ஒரு முறை எழுதினேன். என் கதையில் ஒரு பாத்திரமாக இருக்கும் தகுதியைக்கூட அன்றைக்கு நான் இழந்தேன்.

முடிவு மூன்று: குழந்தை நீலம்—

இல்லை. எழுத மாட்டேன். இப்படி ஒரு முடிவு கதைக்கு 'வலு' சேர்க்கும் என்று எனக்குள் ஒருவன் சொல்கிறான். அவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது.

முடிவு நான்கு: டெலோரிஸ் அலமாரியைத் திறக்கிறாள். இது ஒன்றுதான் உருப்படும். எர்வின் நம்புவார். மெலனி தப்பிப்பாள், நோரா தப்பிப்பாள். பிறகு எர்வின், கையால் எடுத்துக் கொடுத்த தம்ளர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பின்னால் போவார். போகப் போக, அந்தச் சின்னக் கல்லுக்கு வந்து சேருவார். அங்கே அவருக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. உண்மை தெரியாமலே சாகிறவரைக்கும் அங்கேயே நிற்பார். டெலோரிஸ் அவரை அந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

(கையேட்டில் இல்லாத ஒரு விஷயம், மண் தோண்டுகிற ஒருவர் சொன்னது. பொலபொல மண்ணில் இறங்கும் நீர், மணல் தொடங்கும் கோட்டுக்கு வந்ததும் உடனே விழுந்துவிடாதாம். மேல்மண் விடாது, இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மேலே நீர் சேரச் சேர, இனித் தாங்காது என்கிற நிமிஷம் வரைக்கும். அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாக இல்லை, ஒரே விழுகை.)

நான்காவது முடிவைப் பல தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் டெலோரிஸ் கைப்பிடி வரைக்கும் குனிகிறாள். அதற்கு மேல் என்னால் அவளைக் குனியவைக்க முடியவில்லை. எனக்கு அவளைத் தெரியும், அதுதான் கோளாறு. உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. உங்களால் முடியலாம்.

ஆகவே பொருட்களைச் சரிபார்த்து ஒப்படைக்கிறேன். மேசையில் வெள்ளைக் குச்சி காய்ந்துகொண்டிருக்கிறது. டப்பாவில் இன்னொன்று. பவுடர் போட்ட புட்டியில் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. நோரா பசிக்கு முனக ஆரம்பித்துவிட்டாள்; டேரில் அவளைத் தோளில் போட்டுத் தட்டுகிறான். மெலனி கார்ச்சாவியைக் கையில் வைத்திருக்கிறாள். அலமாரிக் கதவு உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதன் கைப்பிடியில் ஒரு வயதான பெண்ணின் இரண்டு விரல்கள்.

ஜன்னல் வழியாக எர்வின் தெரிகிறார். நிறைந்த தம்ளரைச் சிந்தாமல், பூசை ஷூவோடு, ஈரமான முற்றத்தைக் கடந்து வருகிறார். பாதியில் நின்று தம்ளரை வெயிலில் தூக்கிப் பார்க்கிறார். சிரிக்கிறார். படியேறுகிறார்.

இப்போது வாசலில், மிதியடியில் ஷூவைத் தேய்க்கிற சத்தம். அதில் ஒன்றும் ஒட்டியிருக்காது. ஆனாலும் தேய்ப்பார், பழக்கம். வலது கால். பிறகு இடது.

அவ்வளவு நேரம்தான் உங்களுக்கு இருக்கிறது.